மட்டி

மட்டிதான் காரணம் என்று முடிவு செய்ய எங்கள் வீட்டில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

2019ஆம் ஆண்டு காணும் பொங்கல். அடையாறு காந்தி நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மயிலாப்பூரிலிருந்து மாமியாரும் கொழுந்தனார் குடும்பமும், தி.நகரிலிருந்து நாத்தனார் குடும்பமும் வந்திருந்தார்கள். எங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். என் கணவர் வீட்டார் சைவம். ஆண்களும் பிள்ளைகளும் ஓட்டலில் கோழி சாப்பிடுவார்கள். அது எல்லோருக்கும் தெரியும், வீட்டுக்குள் யாரும் பேசமாட்டார்கள். நான் பரங்கிப்பேட்டைப் பக்கத்துக்காரி. வெள்ளாறு கடலில் சேருமிடத்தில் மட்டி பொறுக்கி விற்கும் பெண்களிடம் வாங்கிச் சமைத்த வீட்டில் வளர்ந்தவள். கல்யாணமாகிப் பதினைந்து வருடம் கழித்து, என் சம்பளத்தில் வாங்கிய அடுப்பில், விருந்தாளிகள் இருக்கும் நாளில், முதன்முறையாக மட்டிக் குழம்பு வைத்தேன். மாமியாருக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. குழம்பை பால்கனியில் வைத்தே பரிமாறினேன். ஐந்து பேர் சாப்பிட்டார்கள். நாத்தனார் கணவர் இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் மாலை கொழுந்தனார் போன் செய்தார். வாந்தி. ஒரு மணி நேரத்தில் நாத்தனார். இரவுக்குள் எங்கள் வீட்டிலேயே மூன்று பேர். பொங்கலுக்கு எங்களோடு தங்கியிருந்த மாமியார் விடியற்காலையில் கழிவறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி, அது நிற்பதற்குள் பேதி. மொத்தம் ஒன்பது பேர். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "அந்த மட்டி எங்கே வாங்கியது?" என்று மட்டும் ஒரு கேள்வி வந்தது. அதற்குக் கீழே நான்கு பேர் வாயைப் பொத்திக்கொள்ளும் பொம்மை போட்டிருந்தார்கள்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோரையும்விட அதிகம் மட்டி தின்றவள் நான். சமைத்தவளுக்கு மட்டும் ஒன்றுமில்லை என்பதும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கப்பட்டது.

இந்த இடத்தில் ஒரு விஷயம். மட்டியின் வாசம் பட்டாலே முகம் சுளிக்கும் மயிலாப்பூரின் பழைய வீடுகள் கிளிஞ்சல் சுண்ணாம்பில் எழும்பியவை. கிளிஞ்சலைச் சுட்டு, அரைத்து, பளிங்கு மாதிரி தேய்த்து எடுத்த சுவர்ப்பூச்சுக்குத்தான் வெள்ளைக்காரர்கள் காலத்திலேயே 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்று பெயர். ஓடு சுவருக்கு ஆகும், வெற்றிலைக்கு ஆகும். உள்ளே இருந்த உயிரையும் அதைப் பொறுக்கிய கையையும் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். இதை மாமியாரிடம் சொல்லிச் சண்டை போடலாம் என்று பல வருடம் நினைத்திருக்கிறேன். போட்டதில்லை. அதற்குப் பதிலாக நான் செய்தது வேறு.

மூன்றாம் நாள் காலை லூப் ரோட்டுக்குப் போனேன். பட்டினப்பாக்கத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை நீளும் அந்தச் சாலையோரத்தில், நொச்சிக்குப்பத்து வீடுகளுக்கு முன்னால், தார்ப்பாய்க்குக் கீழே நான் வழக்கமாக வாங்கும் அக்கா உட்கார்ந்திருந்தார். ஏழெட்டு வருடப் பழக்கம். வஞ்சிரம் விலை ஏறினால் "இன்னிக்கு வேணாம், போ" என்று திருப்பி அனுப்பும் மனுஷி. அவரிடம், நான்கைந்து பேர் மீன் வாங்கிக்கொண்டிருக்கும்போது, சத்தம் போட்டேன். ஒன்பது பேர் படுத்துக் கிடக்கிறார்கள் என்றேன். கெட்டுப்போனதை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்றேன்.

அவர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு சொன்னார்: "இன்னாம்மா இப்படிப் பேசற? மழை பேஞ்சா நாங்க மட்டியத் தொடவே மாட்டோம். சாக்கடை அவ்ளோவும் ஆத்துல எறங்கும். இந்த வருசம் மழையே இல்லியே. அதே மட்டியத்தான் என் பேரப்புள்ளைக்கும் ஆக்கிப் போட்டேன். அதோ ஆடிக்கினு கீறான் பாரு."

பையன் படகுக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டுதான் இருந்தான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் கிளம்பி வந்தேன். எங்கள் அடுக்ககத்தில் அவரிடம் வாங்கிக்கொண்டிருந்த இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

வீட்டைச் சுத்தம் செய்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் இரவு முழுக்க நான். வாளி, பழைய துணி, நல்ல வாசனை வரும் ஏதோ ஒரு பாட்டில். மறுநாள் காலை, வீட்டு வேலைக்கு வரும் பெண் வந்து மிச்சத்தைச் செய்தாள். கையுறை கிடையாது. தரவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் அடையாற்றங்கரையில் பிறந்தவள். கரையைக் காலி செய்தபோது குடும்பத்தோடு கண்ணகி நகருக்குக் கொண்டுபோய் விடப்பட்டவள். அங்கிருந்து தினமும் பஸ் ஏறி, தான் பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்து அவள் வரவில்லை. போன் செய்தால் அவளுக்கும் அவளுடைய ஏழு வயது மகளுக்கும் வாந்தி. குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் கேட்ட முதல் கேள்வி: "வெளியில ஏதாச்சும் வாங்கிச் சாப்ட்டியா?"

"இல்லக்கா. உங்க வீட்டு பாத்ரூம் கழுவுனேன்ல" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். குற்றம் சாட்டும் குரல்கூட இல்லை. நான் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் திரும்பி வந்ததும் சம்பளத்தில் பிடிக்காமல், மேலே நானூறு ரூபாய் கொடுத்தேன். பெரிய மனசு என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் இப்படியே போனது. 2021 நவம்பரில் கேரளத்தில் வயநாடு மாவட்டம் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் பதின்மூன்று பேருக்கு நோரோ வைரஸ் என்று செய்தி வந்தது. கொரோனா பயம் அடங்காத நேரம், இன்னொரு வைரஸா என்று ஆசிரியர் அறையில் பேச்சு. நுண்ணுயிரியல் துறைத் தோழி ஒருத்தி, இது புதிதெல்லாம் இல்லை, உலகத்தில் வாந்திபேதி உண்டாக்குவதில் முன்வரிசையில் இருப்பதே இதுதான் என்றாள். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊர். 1968இல் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கூட்டமாக வாந்தி எடுத்தார்கள். அங்கே சேகரித்த மல மாதிரியிலிருந்து 1972இல் ஆல்பர்ட் கபிக்கியன் என்பவர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்த வைரஸைக் கண்டுபிடித்தார். ஊர்ப் பெயரே வைரஸுக்கும் ஒட்டிக்கொண்டது. அது சுருங்கித்தான் நோரோ.

நான் என் மட்டிக் கதையைச் சொன்னேன். இவளும் உச்சுக் கொட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பேனாவை எடுத்தாள்.

"யார் யாரெல்லாம் மட்டி சாப்பிட்டீங்க?"

ஐந்து பேர்.

"யாருக்கெல்லாம் வந்தது?"

ஒன்பது பேர். எழுதிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள். "உங்க மாமியார் மட்டி சாப்பிட்டாங்களா?"

மாமியார் தயிர்சாதம் சாப்பிட்டார். பால்கனிப் பக்கமே வரவில்லை.

"யாருக்கு முதல்ல?"

கொழுந்தனாருக்கு, என்றேன். "நல்லா யோசிச்சுப் பாரு. அன்னிக்கே, அதுக்கு முன்னாடியே, யாருக்காவது?" அப்போதுதான் நினைவு வந்தது. நாத்தனாரின் மகள் வரும் வழியிலேயே காரில் வாந்தி எடுத்திருந்தாள். குழந்தைக்குக் கார் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். முகம் கழுவிவிட்டு, கவுன் மாற்றினோம். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டாள். வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு "நான் தர்றேன், நான் தர்றேன்" என்று ஒவ்வொருவர் கையிலும் வடை வைத்தவள் அவள்தான்.

தோழி மேலும் கேட்டாள். எப்படிச் சமைத்தாய்? அம்மா செய்கிற மாதிரிதான். மட்டியை ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு மண் கக்கவிட்டு, அலசி, வேகவைத்து, ஓடு திறந்ததும் சதையைக் கிள்ளி எடுத்து, புளியும் மிளகாயும் தேங்காயும் சேர்ந்து கொதிக்கிற குழம்பில் மறுபடி போட்டு நன்றாகக் கொதிக்கவிடுவது. அவள் சிரித்தாள். மட்டிக்கு உள்ளே 90 டிகிரி சூடு, 90 விநாடி இருந்தால் நோரோ செத்துவிடும். ஓடு திறந்த உடனே இறக்கிவிட்டால் போதாது, 60 டிகிரியில்கூட அது பிழைத்துக்கிடக்கும். உங்க அம்மா செய்முறையில் தப்பிப்பது கஷ்டம் என்றாள்.

ஆக, கண் முன்னால் எல்லாம் இருந்தது. மட்டியைத் தொடாத மாமியாருக்கு வந்தது. குழம்பு ஒரு சொட்டுக்கூட வாயில் வைக்காத வேலைக்காரப் பெண்ணுக்கும் அவள் மகளுக்கும் வந்தது. அதே மட்டி தின்ற குப்பத்துப் பையன் ஓடி விளையாடினான். சங்க இலக்கியத்தில் பாடபேதம் பார்த்து முனைவர் பட்டம் வாங்கியவள் நான். எந்த ஏட்டில் எந்த எழுத்து பிழை என்று பக்கம் பக்கமாக எழுதியவள். இதைப் படிக்க எனக்குத் தெரியவில்லை. தமிழில் மட்டி என்றால் மூடன் என்றும் ஒரு பொருள் உண்டு. அகராதியைப் பார்க்கத் தேவையில்லாமல் அன்று அது விளங்கியது.

சோதனை எதுவும் செய்யவில்லை என்பதால், அது நோரோதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. வாந்திபேதி என்று போகிறவர்களுக்கு நம் மருத்துவமனைகளில் இந்த வைரஸைத் தேடிப் பார்க்கும் வழக்கமில்லை. ஆனால் ஒரு நாளிலிருந்து இரண்டு நாளுக்குள் ஆரம்பித்து, வீடு முழுக்கப் பரவி, இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கிய விதம் அதற்குப் பொருந்துகிறது. ஏறக்குறைய 18 வைரஸ் துகள் உள்ளே போனால்கூட நோய் வரலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நோயாளியின் ஒரு கிராம் மலத்தில் அது கோடிக்கணக்கில் இருக்கும். வாந்தி தெறிக்கும்போது காற்றிலும் ஏறும். உடம்பு தேறி இரண்டு வாரம் ஆன பிறகும் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். சானிடைசர் இதனிடம் அவ்வளவாகப் பலிக்காது. சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவித்தான் போக்க வேண்டும். தரைக்கு பிளீச்சிங் பவுடர்தான் சரி. என் வாசனை பாட்டிலால் மணம் வந்திருக்கும், அவ்வளவுதான். எனக்கு வராததற்கும் தோழி காரணம் சொன்னாள். மனிதர்களில் ஒரு பகுதியினரின் குடல் சுவரில், வைரஸ் ஒட்டிக்கொள்ளத் தேவையான சர்க்கரைப் பொருள் பிறப்பிலேயே அமைவதில்லை. நோரோவின் பல வகைகள் அவர்களை ஒன்றும் செய்வதில்லை. நான் அந்தக் கூட்டமாக இருக்கலாம். கைராசியோ கைக்குற்றமோ இல்லை.

நாத்தனார் மகள் மேல் இப்போது பழியைத் திருப்பிவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஐந்து வயதுக் குழந்தை. அவள் பள்ளியில் யாரிடமிருந்தோ வாங்கி வந்தாள். அந்தக் குழந்தை இன்னொன்றிடமிருந்து. வேலூர் சி.எம்.சி.யில் ககன்தீப் காங் குழுவினர், அந்நகரின் குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை பின்தொடர்ந்தார்கள். களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீட்டுக்கே போய், குழந்தைக்கு வயிறு எப்படி என்று கேட்டு எழுதினார்கள். ரோட்டா வைரஸுக்காகத் தொடங்கிய வேலை அது. அதே குழந்தைகளிடம் பிறகு நோரோவையும் தேடினார்கள், இருந்தது. லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோவாக 2019இல் தேர்வானார் ககன்தீப் காங். இந்தியாவில் பணியாற்றும் பெண்களில் அவர்தான் முதல். குழந்தைகளின் மலத்தை இத்தனை மரியாதையோடு கவனித்த ஒருவருக்கு அது கிடைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. கேரளத்தில் 2022இல் விழிஞ்ஞத்தில் இரண்டு குழந்தைகளுக்கும், 2023 தொடக்கத்தில் காக்கநாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நோரோ உறுதியானபோது, "அங்கேதான் இதெல்லாம் வரும்" என்று நம்மூரில் பேசினார்கள். அங்கே தேடினார்கள், கிடைத்தது.

மட்டியும் சிப்பியும் முழுக்க நிரபராதிகள் என்றும் சொல்லிவிட முடியாது. இரட்டை ஓட்டு உயிர்கள் நீரை உள்ளே இழுத்து, அதில் இருப்பதை வடிகட்டித்தான் வாழ்கின்றன. நன்கு வளர்ந்த ஒரு சிப்பி ஒரே நாளில் நூறு லிட்டருக்கு மேல் வடிகட்ட வல்லது. நீரில் மனித மலம் கலந்திருந்தால் நோரோ அதன் குடலில் போய்ச் சேரும். சும்மா தங்குவதில்லை. நம் குடலில் எதைப் பிடித்துக்கொள்கிறதோ அதே போன்ற ஒரு பொருள் சிப்பியின் குடலிலும் உண்டு, அதைப் பற்றிக்கொள்கிறது. பிடித்த சிப்பிகளைச் சுத்தமான நீரில் போட்டு வைத்தால் பாக்டீரியாக்கள் ஓரிரு நாளில் வெளியேறிவிடும், இது போகாது. ஐரோப்பாவில் சிப்பியின் தரத்தை ஈ.கோலை பாக்டீரியாவின் எண்ணிக்கையை வைத்து அளக்கிறார்கள். 100 கிராமுக்கு 230க்குள் இருந்தால் முதல் தரம். அந்த ஐரோப்பாவிலேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்பிடங்களில் எடுத்த சிப்பி மாதிரிகளில் 34.5 விழுக்காட்டில் நோரோ இருந்தது. அங்கே எலுமிச்சை பிழிந்து பச்சையாக விழுங்குகிறார்கள். நாம் கொதிக்க வைக்கிறோம்.

கொதிக்க வைத்தும் போகாத விஷமும் உண்டு. அது வேறு கதை, ஆனால் சொல்லாமல் விட்டால் தவறு. 1981இல், கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வாயலூரில் மட்டி தின்ற 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், மூன்று பேர் இறந்தார்கள். அது வைரஸ் அல்ல. சில வகைக் கடற்பாசி நுண்ணுயிர்கள் பெருகும்போது அவற்றின் நஞ்சு மட்டியில் சேர்ந்துவிடும். உதடு மரத்து, கைகால் செயலிழந்து, மூச்சு நிற்கும். எந்தச் சமையலும் அதை முறிக்காது. இறால் பண்ணைக்கும் ஏற்றுமதிக்கும் எத்தனையோ சோதனைக்கூடங்கள் வந்துவிட்டன. கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் கால்விரலால் மட்டி துழாவும் பெண்ணுக்கு, இன்று எடுக்கலாமா கூடாதா என்று சொல்ல யாருமில்லை. அவளே தண்ணீரின் நிறம் பார்த்து, மழை பார்த்து, முகர்ந்து முடிவு செய்கிறாள். "மழை பேஞ்சா தொடமாட்டோம்" என்று லூப் ரோட்டு அக்கா சொன்னாரே, வெளிநாடுகளில் பெருமழைக்குப் பின் சிப்பிப் படுகைகளை அரசாங்கம் மூடுவதும் அதே காரணத்துக்குத்தான். அவர் அதைச் சொன்னபோது நான் சமாளிப்பு என்று நினைத்தேன்.

அந்தச் சாக்கடை யாருடையது? எங்கள் காந்தி நகர் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அடையாறு. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஊரின் கழிவை ஏந்திக்கொண்டு சீனிவாசபுரத்தில் கடலில் இறங்குகிறது. பெருமழை நாளில் மேன்ஹோல் பொங்கி மழைநீர் வடிகாலில் கலப்பதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். சைவர்கள் கழித்ததும் அசைவர்கள் கழித்ததும் ஒரே ஆற்றில்தான் போகிறது. அது போய்ச் சேரும் இடத்தில் வலை போடுகிறவர்களைப் பார்த்துத்தான் சுத்தமில்லை என்கிறோம்.

2009இல் இங்கிலாந்தில் 'ஃபேட் டக்' என்ற மூன்று நட்சத்திர உணவகத்தில் சாப்பிட்டு 529 பேர் நோய்ப்பட்டார்கள். நோரோ. சிப்பிகள் வழியாக வந்திருக்க வேண்டும் என்றது அரசின் சுகாதார அறிக்கை. உணவகம் சில வாரம் மூடியிருந்து மறுபடி திறந்தது. நட்சத்திரங்கள் மூன்றும் அப்படியே இருந்தன. சமையல்காரர் இன்னும் புகழோடு இருக்கிறார். 529 பேர்! லூப் ரோட்டில் ஒன்பது பேரைச் சொல்லி நான் ஒருத்தி கத்தியதில், அங்கே நின்றிருந்த இரண்டு பேர் பையை மடித்துக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள்.

நம் பக்கத்தில் பெண்கள் கூட்டமாக நோய்ப்பட்ட இன்னொரு செய்தியும் அதே 2021 டிசம்பரில் வந்தது. திருப்பெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் தங்கியிருந்த விடுதி. உணவு கெட்டு 159 பேர் மருத்துவமனையில். அதிகாரிகள் போய்ப் பார்த்து, எலியும் சரியில்லாத சாக்கடையும் கண்டு சமையலறையை மூடினார்கள். தண்ணீர் வராத கழிவறைகளைப் பற்றியும், ஒரே அறையில் தரையில் நெருக்கிப் படுப்பதைப் பற்றியும் அந்தப் பெண்கள் பத்திரிகையாளர்களிடம் பேசினார்கள். அது எந்தக் கிருமி என்பது என் விஷயமல்ல. அவர்கள் சமையல்காரம்மாவைத் தேடிப் போய்ச் சட்டையைப் பிடிக்கவில்லை. பெங்களூரு நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். என் மாணவிகள் வயதுப் பெண்கள். யாரைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நான் ஏன் லூப் ரோட்டுக்குப் போனேன் என்று பிறகு நிறைய யோசித்தேன். வாட்ஸ்அப்பில் அந்த ஒற்றைக் கேள்வி வந்தபோது என் கையில் பதினைந்து வருட மீன் வாடை ஏறியது. பரங்கிப்பேட்டையின் வாடை. அதைக் கழுவ அவசரம். என் கைக்குக் கீழே இன்னொரு கை இருந்தது, அதில் துடைத்துவிட்டு வந்தேன். மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். தேறியதும் "உனக்கு எதுவும் ஆகலையே, அதுவரைக்கும் சரி" என்றார். வில்லி தேடுகிற வழக்கம் எனக்கும் இருக்கிறது.

வகுப்பில் நற்றிணையின் 45ஆம் பாட்டு நடத்தும்போது இப்போது முன்போல முடிவதில்லை. தேரில் வரும் செல்வர் வீட்டுப் பிள்ளையிடம் தோழி பேசும் பாட்டு. இவள் மீன்பிடிப்பவர் மகள், நீ பெரிய ஊர்க்காரன், எங்கள் மேல் மீன் நாறும், தள்ளி நில் என்கிறாள். நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்துக்கும் வழங்கியது என்று ஒரு பத்து நிமிடம் பேசி, நெய்தல் மகளிரின் தன்மானம் என்று முடிப்பது என் வழக்கம். ஒருமுறை கடைசி வரிசையிலிருந்து குப்பத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். "மேடம், அவ தள்ளி நில்லுனு சொல்றா சரி. எங்க ஆயா கூடையோட பஸ்ல ஏறுனா மத்தவங்கதான் அவங்கள தள்ளி நிக்கச் சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா?" என்றாள். ஒன்றில்லை என்றேன். அதற்கு மேல் அன்று பாடம் நடத்தவில்லை.

2023 ஏப்ரலில், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் லூப் ரோட்டுக் கடைகளை மாநகராட்சி அகற்றியது. பெண்கள் சாலையில் மீனைக் கொட்டி மறியல் செய்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். கூட்டத்தில் அக்காவைத் தேடினேன், தெரியவில்லை. 2024 ஆகஸ்டில் அங்கேயே 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறந்தார்கள். மேடை, கூரை, தண்ணீர்க் குழாய். இத்தனை வருடமாகச் சுத்தமில்லை என்று சொல்லப்பட்டவர்களுக்குக் கை கழுவ ஒரு குழாய் வர அவ்வளவு காலம் பிடித்தது.

வீட்டு வேலைக்கு வந்த பெண்ணிடம் நான் முன்பே சொல்லிவிட்டிருந்தேன். "அப்பவே தெரியும்க்கா" என்றாள். இப்போது அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள். அவளுடைய மகள் ஆறாவதோ ஏழாவதோ படிக்க வேண்டும்.

அக்காவைப் பார்க்கத் தைரியம் வர இன்னும் கொஞ்ச நாள் ஆனது. ஒரு டிசம்பர் காலை, இரண்டு நாள் மழை விட்டிருந்தது. அங்காடிக்குள் வரிசை வரிசையாகத் தேடி, கடைசியில் கண்டுபிடித்தேன். தலை நன்றாக நரைத்திருந்தது. சங்கரா அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "வாம்மா, எங்க ஆளையே காணோம்" என்றார்.

"அக்கா, அன்னிக்கு மட்டி விஷயமா வந்து கத்திட்டுப் போனேனே, உங்க மேல தப்பே இல்லக்கா" என்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்ததில் அது முதல் வரி.

அவர் என்னைப் பார்த்தார். நினைவுபடுத்திக்கொள்ள முயற்சி செய்வது முகத்தில் தெரிந்தது. "எந்த அன்னிக்கு?" என்றார்.

சொல்லத் தொடங்கினேன். பொங்கல், ஒன்பது பேர், பேரன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் எத்தினியோ பேர் வந்து கத்திட்டுப் போவாங்கம்மா. யார்னு ஞாபகம் வெச்சிக்கறது. சங்கரா நல்லா கீது, போடவா?"

ஒரு கிலோ போடச் சொன்னேன். செதிலைச் சீவிக்கொண்டிருக்கும்போது, கேட்கலாமா வேண்டாமா என்று நின்று, மட்டி இருக்கிறதா என்று கேட்டேன்.

கத்தி நிற்கவில்லை. "மழ பேஞ்சிருக்குதுல்ல," என்றார். "தை பொறக்கட்டும், வா."